பெண் கொடுத்துப் பெண் எடுத்த பேரரசு

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரே சிறுமியின் படங்கள் மூன்று இருக்கின்றன. மூன்றையும் வரைந்தவர் ஸ்பெயின் அரசவை ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ். முதல் படத்தில் குழந்தைக்கு மூன்று வயது இருந்தால் அதிகம். ஒரு கை மேசைமேல், இன்னொரு கையில் மடித்த விசிறி, மேசையில் கண்ணாடிச் சாடி நிறையப் பூக்கள். இரண்டாவதில் ஐந்து வயது, வெள்ளைப் பட்டு. மூன்றாவதில் எட்டு வயது. நீலப் பட்டுப் பாவாடை இடுப்பின் இருபுறமும் கூடை கவிழ்த்ததுபோல் விரிந்து நிற்கிறது. முகம் மட்டும் மூன்றிலும் ஒன்றுதான்: வெளிறிய நிறம், மெல்லிய பொன்முடி, பெரியவர்கள் சொன்னபடி அசையாமல் நிற்கும் பொறுமை.

மாட்ரிட் அரண்மனையில் பிறந்து வளர்ந்த சிறுமியின் படங்கள் வியன்னாவில் இருப்பானேன்? அவை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்பட்டவை. பெண் எப்படி வளர்கிறாள் என்று காட்டுவதற்காக ஆண்டுகள் இடைவிட்டு வண்டியேறி மலை கடந்து போன படங்கள். சிறுமியின் பெயர் மார்கரிட்டா தெரேசா. ‘லாஸ் மெனினாஸ்’ என்ற உலகப் புகழ்பெற்ற ஓவியத்தின் நடுவே, தோழிகள் சூழ நிற்பவளும் இவளேதான்.

மாப்பிள்ளை அவளுடைய தாய்மாமன். மார்கரிட்டாவின் அம்மா மரியானாவுக்கு உடன்பிறந்த தம்பி, லியோபோல்ட். அதோடு நிற்கவில்லை. மார்கரிட்டாவின் அப்பா, ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்புக்கு மரியா அன்னா என்றொரு தங்கை. அந்தத் தங்கை பெற்ற மகன்தான் இந்த லியோபோல்ட். ஆகவே அத்தை மகனும் அவரே. ஒருவரே தாய்மாமனும் அத்தை மகனுமாக இருப்பதற்குக் காரணம், நான்காம் பிலிப் தன் தங்கை மகளைத்தான் மணந்திருந்தார்.

1666இல், பதினைந்து வயதில், மார்கரிட்டா வியன்னாவுக்கு வந்து சேர்ந்தாள். அவளைப் பொறுத்தவரை கணவர் கடைசிவரை மாமாதான், அப்படித்தான் கூப்பிட்டாள். அவர் அவளைச் செல்லமாக ‘கிரெட்ல்’ என்றழைத்தார். இருவரும் இசையை நேசித்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் பிரியமாகவே இருந்தார்கள். ஆறே ஆண்டுகளில் நான்கு குழந்தைகள். அவற்றில் பிழைத்தது ஒரு பெண் குழந்தை மட்டும். 1673இல், 21 வயதில், மார்கரிட்டா இறந்துபோனாள்.

இந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்து சேர்த்த பாதை ஏறத்தாழ இருநூறு ஆண்டு நீளமுடையது. அதன் ஒவ்வொரு மைல்கல்லும் ஒரு கல்யாணம்.

மணமகனும் மணமகளும் பிறந்த ஹாப்ஸ்பர்க் குடும்பம் முதலில் பெரிய குடும்பமல்ல. இன்றைய சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய கோட்டையின் பெயரைத் தாங்கிய பிரபுக்கள். பிறகு ஆஸ்திரியாவின் ஆட்சியாளர்கள் ஆனார்கள். அவர்களுடைய கொடி ஐரோப்பா முழுவதும் பறக்கத் தொடங்கியது 1477இல். அந்த ஆண்டு ஜனவரியில் பர்கண்டி நாட்டுக் கோமகன் சார்லஸ், நான்சி நகருக்கு வெளியே பனியில் நடந்த போரில் வெட்டுண்டு இறந்தார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. ஒரே மகள் மேரி, வயது 19. கெண்ட், புரூஜ் போன்ற துணி வணிக நகரங்கள், அன்றைய ஐரோப்பாவின் பணப்பெட்டிகள், அவளுக்குச் சேர வேண்டியவை. பிரெஞ்சு மன்னர் தன் ஏழு வயது நிரம்பாத மகனுக்குக் கேட்டார். மேரி தேர்ந்துகொண்டது பதினெட்டு வயது ஆஸ்திரிய இளவரசன் மாக்சிமிலியனை. ஆகஸ்ட் 19 அன்று கெண்ட் நகரில் திருமணம். ஐந்து ஆண்டுகள் கழித்து, பருந்து விட்டு வேட்டையாடப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து மேரி இறந்தாள். அதற்குள் ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்திருந்தார்கள். பர்கண்டியின் நெதர்லாந்துப் பகுதிகள் மாப்பிள்ளை வீட்டோடு வந்துவிட்டன.

அந்த இரண்டு பிள்ளைகளையும் மாக்சிமிலியன் ஒரே இடத்தில் கட்டிக்கொடுத்தார். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று நாம் சொல்வோமே, அதேதான். 1496இல் மகன் பிலிப்புக்கு ஸ்பெயினின் ஹுவானா. மறு ஆண்டு மகள் மார்கரெட்டுக்கு ஹுவானாவின் அண்ணன் ஹுவான். இரு வீடுகளுக்கும் பொதுப் பகை பிரான்ஸ். நடுவிலிருக்கும் நாட்டை இருபக்கமும் நெருக்கத்தான் இந்தச் சம்பந்தம். ஸ்பெயின் முழுவதும் கைக்கு வரும் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை. ஹுவானாவுக்கு முன்னால் வாரிசு வரிசையில் அண்ணனும் அக்காவும் இருந்தார்கள். 1497இல் அண்ணன் இறந்தார், 1498இல் அக்கா இறந்தாள், அக்காவின் இரண்டு வயதுகூட நிரம்பாத மகன் 1500இல் இறந்தான். மூன்றே ஆண்டுகளில் மூன்று சாவு. ஸ்பெயினும், அப்போதுதான் அதன் கைக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்கக் கண்டத்து நிலங்களும் ஹுவானாவின் மகன் சார்லஸுக்கு வந்து சேர்ந்தன. பின்னாளில் ஐந்தாம் சார்லஸ் என்ற பேரரசர் இவரே.

மகள் மார்கரெட்டின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மூன்று வயதில் பிரெஞ்சு இளவரசனுக்கு நிச்சயமாகி, அங்கேயே வளரட்டும் என்று பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டாள். எட்டு ஆண்டு ராணியாகும் கனவோடு வளர்த்துவிட்டு, அவளைவிட லாபமான பெண் கிடைத்ததும் மாப்பிள்ளை வேறு கல்யாணம் செய்துகொண்டார். பதின்மூன்று வயதில் திருப்பி அனுப்பினார்கள். ஸ்பெயின் கணவர் ஹுவான் ஆறு மாதத்தில் இறந்தார். வயிற்றிலிருந்த குழந்தை இறந்தே பிறந்தது. மூன்றாவதாக சவாய் கோமகன். அவரும் மூன்று ஆண்டில் போய்விட்டார். 24 வயதில் விதவை. இனி எந்த மாப்பிள்ளையும் வேண்டாம் என்று அப்பாவிடம் உறுதியாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் செய்தது, அந்தக் காலத்து ஆண்கள் பலர் செய்ய முடியாத காரியம். நெதர்லாந்தை ஆண்டாள். அண்ணன் பிள்ளை சார்லஸை வளர்த்து ஆளாக்கினாள். 1529இல் பேரரசும் பிரான்ஸும் சண்டையிட்டு ஓய்ந்தபோது கம்ப்ரே நகரில் உட்கார்ந்து சமாதானம் பேசியவர்கள் இரண்டு பெண்கள்: ஒருபுறம் மார்கரெட், மறுபுறம் பிரெஞ்சு மன்னரின் தாய் லூயிஸ். லூயிஸ் வேறு யாருமல்ல, மார்கரெட்டின் சவாய் கணவருக்கு அக்கா. நாத்தனாரும் தம்பி மனைவியும் பேசி முடித்த அந்த ஒப்பந்தத்தை ‘சீமாட்டிகளின் சமாதானம்’ என்றே வரலாறு குறிக்கிறது. வம்சாவளி அட்டவணையில் மார்கரெட்டின் பெயருக்குக் கீழே கோடு எதுவும் இறங்காது. குழந்தை இல்லாததால் அங்கே அவள் வெறும் ஒரு நுனி.

மாக்சிமிலியன் ஓயவில்லை. 1515 ஜூலையில் வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் ஒரு விசித்திரக் கல்யாணம் நடந்தது. ஹங்கேரி, பொஹீமியா மன்னரின் மகள் அன்னாவுக்கு வயது பன்னிரண்டு. பக்கத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவர் 56 வயது மாக்சிமிலியனேதான். தன் பேரன்கள் இருவரில் ஒருவருக்குப் பதிலாக நிற்கிறார். எந்தப் பேரன் என்று இன்னும் முடிவாகவில்லை. ஒரு வருடத்துக்குள் இருவருமே மணக்காவிட்டால் தானே மணந்துகொள்வதாக வாக்கு. அதே மேடையில் அன்னாவின் ஒன்பது வயதுத் தம்பி லூயிக்கும் மாக்சிமிலியனின் ஒன்பது வயதுப் பேத்தி மேரிக்கும் கல்யாணம். இங்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். பதினொரு ஆண்டு கழித்து, 1526இல், மொஹாச் களத்தில் துருக்கியப் படையிடம் தோற்றுத் தப்பியோடுகையில் லூயி ஓடையில் விழுந்து இறந்தார். வயது இருபது, பிள்ளை இல்லை. அன்னாவை மணந்திருந்த பேரன் பெர்டினாண்ட் பொஹீமியாவுக்கும் ஹங்கேரிக்கும் மன்னரானார்.

பெண்ணோடு நிலமும் போகும் என்பது அந்த உலகத்தின் நியதி. நம் நாட்டையும் அது தொட்டது. 1661இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்குப் பேசி முடித்தபோது சீதனப் பட்டியலில் பம்பாயும் இருந்தது. ஏழு ஆண்டில் அதை மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்குப் பத்து பவுன் வாடகைக்குக் கொடுத்துவிட்டார்.

ஊர் ஊராகப் பெண் எடுத்த ஹாப்ஸ்பர்க் குடும்பம் பிறகு ஏன் வீட்டுக்குள்ளேயே எடுக்க ஆரம்பித்தது? வந்த வழியே பயமானது. மகள் மூலம் சொத்து வருமென்றால் மகள் மூலம் போகவும் செய்யும். ஐந்தாம் சார்லஸ் 1550களில் முடி துறந்தபோது குடும்பம் இரண்டாகப் பிரிந்தது: ஸ்பெயினும் நெதர்லாந்தும் மகனுக்கு, ஆஸ்திரியாவும் பேரரசர் பட்டமும் தம்பிக்கு. சொத்து வெளியே போகாமலிருக்க இரு கிளைகளும் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துக்கொண்டன. சமயப் பிளவும் சேர்ந்துகொண்டது. லூத்தருக்குப் பிறகு வட ஐரோப்பிய அரச வீடுகள் பல புராட்டஸ்டண்டு ஆகிவிட்டன. கத்தோலிக்க மன்னருக்குச் சமமான தகுதியில் கத்தோலிக்கப் பெண் தேட வேண்டுமானால் வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கின.

திருச்சபை இதைத் தடுத்திருக்க வேண்டும். 1215ஆம் ஆண்டு லாத்தரன் பொதுச்சங்கம் நான்கு தலைமுறைக்குள் பொது மூதாதை இருந்தால் மணம் கூடாது என்று விதித்திருந்தது. ஆனால் போப்பாண்டவர் விதிவிலக்கு அளிக்கலாம். கேட்டவர் ஸ்பெயின் மன்னர் என்றால் ரோமாபுரி மறுப்பது அரிது.

இங்கே தமிழ் வாசகர் ஒன்றைக் கவனிப்பார். நமக்கு உறவில் முறை உண்டு. மாமன் மகளும் அத்தை மகளும் கட்டிக்கொள்ளும் முறை. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். இன்றைய ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இவர்கள் எல்லாருக்கும் ஒரே சொல்தான். திருச்சபையும் எத்தனை தலைமுறை தூரம் என்று எண்ணியதே தவிர, எந்த வழி உறவு என்று பார்க்கவில்லை. ஐந்தாம் சார்லஸின் மகள் மரியாவை அவர் தம்பி பெர்டினாண்டின் மகனுக்குக் கட்டிவைத்தார்கள். நம் கணக்கில் அண்ணன் தங்கை முறை. அந்தத் தம்பதிக்குப் பிறந்த அன்னாவைத்தான் மரியாவின் அண்ணன், ஸ்பெயினின் இரண்டாம் பிலிப், நான்காம் தாரமாக 1570இல் மணந்தார். அன்னாவை முதலில் பேசியிருந்தது அவர் மகன் தோன் கார்லோஸுக்கு. மகன் இறந்ததும் அப்பாவே மாப்பிள்ளை ஆனார்.

தோன் கார்லோஸின் வம்சாவளியை எழுதிப் பார்த்தால் கோடுகள் எப்படி மடங்குகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு மனிதருக்குப் பெற்றோர் இருவர், தாத்தா பாட்டி நால்வர், கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர். தோன் கார்லோஸுக்கு அந்த எட்டு இடத்திலும் இருந்தவர்கள் நான்கே பேர். அவருடைய அப்பா இரண்டாம் பிலிப் முதல் தாரமாக மணந்த போர்ச்சுகல் இளவரசி மரியா மானுவெலா, அவருக்கு மாமன் மகளும் அத்தை மகளும். முந்தைய தலைமுறையில் ஐந்தாம் சார்லஸ் போர்ச்சுகலில் பெண் எடுத்து, தன் தங்கையை அங்கே கொடுத்திருந்தார். அந்த நான்கு பேரிலும் பாட்டிகள் இருவர் உடன்பிறந்த அக்கா தங்கைகள். இன்னொரு படி மேலே போனால், பதினாறு பேர் இருக்க வேண்டிய வரிசையில் ஆறு பேர். மரியா மானுவெலா பிரசவித்த நான்காம் நாள் இறந்தாள், வயது 17.

இப்படிக் கணக்கெழுதுவதற்கு ஒரு நல்ல முறை அந்தக் காலத்திலேயே பிறந்தது. மிக்காயேல் ஐட்சிங்கர் என்ற ஆஸ்திரியர் 1590இல் கொலோன் நகரில் அச்சிட்ட நூலில் மூதாதையருக்கு எண் கொடுத்தார். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதை இரட்டித்தால் அவருடைய அப்பா, இரட்டித்து ஒன்று கூட்டினால் அம்மா. எளிமை, அழகு. இன்றும் வம்ச வரலாறு எழுதுவோர் கையாளுவது இதைத்தான். அவர் எண் கொடுத்தது மன்னர் வீடுகளுக்கு. அந்த வீடுகளில்தான் ஒரே ஆளுக்கு இரண்டு எண், மூன்று எண் கொடுக்கவும் நேர்ந்தது.

நான்காம் பிலிப்பின் காலத்துக்கு வருவோம். அவருடைய ஒரே மகன் பால்தசார் கார்லோஸுக்கு வியன்னாவிலிருந்த அத்தை மகள் மரியானாவை நிச்சயம் செய்திருந்தார்கள். 1646இல், பதினாறு வயதில், மாப்பிள்ளை காய்ச்சலில் இறந்தார். ஆண் வாரிசு இல்லாமல் போன மன்னர், மகனுக்குப் பேசிய பெண்ணைத் தானே மணந்தார். 1649இல் மணமகனுக்கு வயது 44, மணமகளுக்கு 14. மாமன் மகனோடு வாழப் போகிறோம் என்று எண்ணியிருந்த பெண், மாமனோடு வாழ ஸ்பெயினுக்குப் பயணமானாள்.

அவர்களுக்குப் பிறந்த முதல் பிள்ளைதான் நீலப் பட்டு மார்கரிட்டா. அவளுக்குப் பிறகு ஆண் குழந்தை பிலிப் புரோஸ்பெரோ பிறந்தபோது நாடே கொண்டாடியது. வெலாஸ்கெஸ் 1659இல் வரைந்த அவன் படமும் வியன்னாவில், அக்காவின் படங்களோடுதான் இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை, வெள்ளை மேலாடை. அதன்மேல் நூலில் கோத்துத் தொங்குகின்றன சிறு மணியும் தாயத்துகளும், கண்ணேறு படாமலிருக்க, நோய் அண்டாமலிருக்க. பக்கத்து நாற்காலியில் ஒரு சின்ன வெள்ளை நாய்க்குட்டி தலை சாய்த்துப் பார்க்கிறது. குழந்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. அரசவை ஓவியர் எதையும் அழகுபடுத்தாமல் அப்படியே வைத்திருக்கிறார். நான்கு வயதுகூட நிரம்பாமல் 1661 நவம்பர் 1 அன்று அவன் இறந்தான். ஐந்தே நாளில் தம்பி பிறந்தான். அவன்தான் இரண்டாம் கார்லோஸ், ஸ்பெயினின் கடைசி ஹாப்ஸ்பர்க் மன்னர்.

கார்லோஸுக்கு அவனைப் பெற்ற தாயே அத்தை மகள். அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டியே அம்மாவின் வழியில் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும். கொள்ளுத்தாத்தா வரிசையில் எட்டுப் பேரும் ஹுவானா, பிலிப் தம்பதியின் வழிவந்தவர்கள். இன்னும் இரண்டு படி மேலேறி ஐந்தாம் தலைமுறைக்குப் போனால் 32 இடங்கள். பெயர்களை எண்ணினால் 18 பேர்தான் தேறுகிறார்கள். மாக்சிமிலியன் பேரனுக்குப் பதிலாளாக மேடையில் நின்று கொண்டுவந்த அன்னாவும் அவள் கணவர் பெர்டினாண்டும் அந்த ஒரே வரிசையில் நான்கு முறை வருகிறார்கள்.

ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் இந்தக் குடும்பத்தின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறவினரைக் கணினியில் ஏற்றிக் கணக்கிட்டார்கள். நம் உடலில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது; ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. அவை இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து இரு வழியாக வந்து சேர்ந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு எண்ணால் அளக்கலாம். உறவேதும் இல்லாத பெற்றோரின் பிள்ளைக்குக் கிட்டத்தட்ட சுழியம். மாமன், அத்தை மகளை மணந்தவர் பிள்ளைக்கு 0.0625. தாய்மாமனை மணந்தவள் பிள்ளைக்கு 0.125. உடன்பிறந்தவர்களுக்கே பிறக்கும் பிள்ளைக்கு 0.25. இரண்டாம் கார்லோஸுக்கு வந்த எண் 0.254. ஒரு தலைமுறையில் நடந்த ஒரு மணத்தால் வந்த அளவு அல்ல இது. ஆறேழு தலைமுறையாக வட்டிக்கு வட்டியாக ஏறியது. ஒரே பிரதி இருந்தால் வெளிக்காட்டாமல் ஒடுங்கிக் கிடக்கும் குறைகள், இரு பிரதியும் ஒன்றானதும் எழுந்து வருகின்றன.

1527க்கும் 1661க்கும் இடையில் ஸ்பெயின் அரச வீட்டில் பிறந்த குழந்தைகள் 34. அவர்களில் 10 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 17 பேர், சரிபாதி, பத்து வயதைத் தாண்டவில்லை. அரண்மனைக்கு வெளியே, வைத்தியர் வாசலை மிதிக்காத கிராமத்துக் குழந்தைகள்கூட இவர்களைவிட அதிகமாகப் பிழைத்தார்கள்.

கார்லோஸுக்கு நான்கு வயதுவரை பேச்சு வரவில்லை, எட்டு வயதுவரை நடை திருந்தவில்லை என்று குறிப்புகள் சொல்கின்றன. கீழ்த்தாடை முன்னால் துருத்தியிருந்ததால் மென்று தின்ன முடியவில்லை. அந்தத் தாடை குடும்பச் சொத்து. ஐந்தாம் சார்லஸின் படத்திலும் இருக்கிறது. 2019இல் முக அறுவை நிபுணர்கள் பத்துப் பேர் இந்தக் குடும்பத்து ஓவியங்கள் 66ஐப் பார்த்து மதிப்பெண் போட்டபோது, உறவு நெருங்க நெருங்கத் தாடைக் குறையும் கூடுவது தெரிந்தது. கார்லோஸின் உடல்நிலைக்கு இரண்டு பரம்பரை நோய்கள் காரணமாக இருக்கலாம் என்பது 2009 ஆய்வாளர்களின் ஊகம்: ஒன்று பிட்யூட்டரி சுரப்பியின் குறை, மற்றது சிறுநீரகம் சார்ந்தது.

ஊரார் வேறு காரணம் சொன்னார்கள். செய்வினை வைக்கப்பட்டவர் என்ற பொருள்படும் பட்டப்பெயரே அவருக்கு நிலைத்தது. கடைசி ஆண்டுகளில் அரண்மனைக்குள் பேயோட்டினார்கள். அவரைப் பற்றிய வர்ணனைகளில் பெரும்பகுதி, அவர் சாவுக்காகக் காத்திருந்த நாடுகளின் தூதர்கள் எழுதியனுப்பியவை என்பதையும் மறக்கக் கூடாது. மூன்று வயதில் மன்னரானவர். இரு முறை மணந்தும் பிள்ளையில்லை. முதல் மனைவி இறந்தபோது மனம் உடைந்து அழுதவர். தன் உடம்பை அவர் தேர்ந்துகொள்ளவில்லை. 1700 நவம்பர் 1 அன்று, 39 வயது நிறைய ஐந்து நாள் இருக்கையில் இறந்தார்.

வாரிசு யார்? மறுபடி வம்சாவளியைத்தான் விரித்தார்கள். கார்லோஸின் அக்கா மார்கரிட்டா விட்டுச்சென்ற ஒரே மகளுக்கு ஒரு பையன் இருந்தான், பவேரிய இளவரசன் ஜோசப். அவனைத்தான் முதலில் வாரிசாக அறிவித்தார் கார்லோஸ். 1699இல், ஆறு வயதில், அவனும் இறந்தான். கார்லோஸின் மூத்த தாரத்து அக்கா மரியா தெரேசாவை பிரான்ஸின் பதினான்காம் லூயி மணந்திருந்தார். ஸ்பெயின்மேல் உரிமை கோரமாட்டேன் என்று அவள் எழுதிக்கொடுத்திருந்தாள்; அதற்கு ஈடாகப் பேசிய ஐந்து லட்சம் பொற்காசுச் சீதனத்தை ஸ்பெயின் கொடுக்கவேயில்லை. சீதனம் வரவில்லை, ஆகவே வாக்கும் செல்லாது என்றது பிரான்ஸ். கார்லோஸ் கடைசி உயிலில் அவளுடைய பேரனுக்கு முடியை எழுதிவைத்தார். 1701 முதல் 1714 வரை ஐரோப்பா முழுவதும் அடித்துக்கொண்டது. அந்தப் போரில் ஸ்பெயினின் தென்முனையில் ஆங்கிலேயர் பிடித்த ஜிப்ரால்டர் இன்றும் பிரிட்டன் கையில்தான் இருக்கிறது.

அரச வீட்டு நோய் என்றதும் பலருக்கு நினைவு வருவது விக்டோரியா மகாராணியின் குடும்பத்து ரத்த ஒழுக்கு நோய். அதையும் நெருங்கிய உறவுத் திருமணத்தின் பலன் என்று எழுதிவிடுகிறார்கள், தவறு. அது தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் பயணிப்பது. பெண்கள் சுமப்பார்கள், பெரும்பாலும் ஆண்கள் அவதிப்படுவார்கள். பெற்றோர் உறவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் விக்டோரியாவின் பேத்திகள் எங்கெங்கு வாழ்க்கைப்பட்டார்களோ அங்கெல்லாம் நோயும் போனது. ரஷ்யாவின் அலெக்ஸாந்திரா வழியாக இளவரசன் அலெக்ஸேயிக்கு. 1906இல் ஸ்பெயினுக்குப் போன விக்டோரியா யூகேனி வழியாக அவளுடைய இரு மகன்களுக்கு. கல்யாண வரைபடம் அப்படியே நோயின் வரைபடமும் ஆயிற்று.

இரத்தத் தகுதி பார்ப்பது மட்டும் இருபதாம் நூற்றாண்டு வரை குறையவில்லை. ஜெர்மனியின் கோத்தா நகரில் 1763 முதல் 1944 வரை வெளியான பஞ்சாங்கம் போன்ற ஒரு சிறு புத்தகம், எந்த வீடு எந்த வீட்டுக்குச் சமம் என்று வரிசைப்படுத்திச் சொன்னது. பெண் பார்ப்பவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் அடிக்கடி பிரெஸ்புர்க் நகரில் உறவினர் வீடொன்றுக்குப் போய்வந்தார். அங்கே கல்யாண வயதில் பெண்கள் பலர். தங்கள் மூத்தவளுக்காகத்தான் வருகிறார் என்று தாய் இசபெல்லா பூரித்திருந்தார். ஒரு நாள் டென்னிஸ் ஆடிவிட்டுக் கிளம்பிய இளவரசர் தன் கடிகாரத்தை மறந்து வைத்துவிட்டார். மூடியைத் திறந்தால் மகள் படம் இருக்கும் என்று ஆசையோடு திறந்தார் இசபெல்லா. உள்ளே இருந்தது அவரிடமே பணிப்பெண்ணாக இருந்த சோஃபியின் படம். அப்படித்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

சோஃபி சாமானிய வீட்டுப் பெண்ணல்ல. பொஹீமியாவின் பழைய பிரபுக் குடும்பமான கோடெக் வீட்டுக் குமாரி. ஆனால் ஹாப்ஸ்பர்க் வீட்டுக்குச் சமமான குடும்பங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. பேரரசர் பிரான்ஸ் ஜோசப் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். 1900 ஜூன் 28 அன்று அரண்மனையில் குடும்பத்து ஆண்கள் அனைவர் முன்னிலையிலும் இளவரசர் கைவைத்துச் சத்தியம் செய்தார்: மனைவி பேரரசி ஆகமாட்டாள், பிறக்கும் பிள்ளைகளுக்கு முடியில் உரிமை இல்லை. மூன்று நாள் கழித்து நடந்த கல்யாணத்துக்குப் பேரரசர் வரவில்லை. மணமகனின் தம்பிகளும் வரவில்லை.

அரண்மனை விருந்துகளில் சோஃபி கணவரோடு சேர்ந்து நுழைய முடியாது. குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் போனபிறகு கடைசியில் வர வேண்டும். அரச வண்டியில் பக்கத்தில் உட்கார முடியாது. 1914 ஜூன் 28, சத்தியம் செய்து சரியாகப் பதினான்கு ஆண்டு. சரயேவோவில் படைப் பயணமாக வந்திருந்ததால் வண்டியில் இருவரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஆளுக்கொரு குண்டு.

வியன்னா அரண்மனைத் தேவாலயத்தில் உடல்களை வைத்தபோது சோஃபியின் பெட்டியைக் கணவர் பெட்டியைவிடத் தாழ்வான மேடையில் வைத்தார்கள். அதன்மேல் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையும் ஒரு விசிறியும், அவள் முன்னாளில் பணிப்பெண்ணாக இருந்ததன் அடையாளமாக. மார்கரிட்டாவும் அவளுடைய மாமா லியோபோல்டும் உறங்கும் கபுச்சின் மடத்து நிலவறையில் சோஃபிக்கு இடம் கிடையாது. பிரான்ஸ் பெர்டினாண்டுக்கு அது முன்பே தெரியும். 1908இல் ஒரு குழந்தை இறந்தே பிறந்தபோது, டான்யூப் கரையோரம் ஆர்ட்ஸ்டெட்டன் கோட்டையில் தங்களுக்கென்று தனி நிலவறை கட்டச் சொல்லியிருந்தார். வியன்னாவிலிருந்து இரவு ரயிலில் பெட்டிகளைக் கொண்டுபோனார்கள். மழைக்குள் படகில் ஆற்றைக் கடத்தினார்கள். அங்கே இரண்டு கல்லறைகளும் அருகருகே இருக்கின்றன.